டெட்ராய்ட் லயன்ஸின் 2023 டிராஃப்ட்: நான்கு முத்துகளும் ஒரு காலி இடமும்

டிராஃப்ட், அதாவது என்எஃப்எல் லீக்கின் அணிகள் கல்லூரி வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் ஆண்டு நிகழ்வு, முடிந்த மறுநாள் காலையிலேயே மதிப்பெண் போட்டுவிடுவது அமெரிக்கக் கால்பந்தில் வழக்கம். நாற்று நட்ட அன்றே மகசூலை எடை போடுகிற வேலை அது. 2023 ஏப்ரல் கடைசியில் கன்சாஸ் சிட்டியில் நடந்த டிராஃப்ட்டில் டெட்ராய்ட் லயன்ஸ் எடுத்த ஆட்களுக்கு அன்று விழுந்த திட்டு கொஞ்சநஞ்சமல்ல. முதல் சுற்றில் ஒரு ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுகிறவர்), ஒரு லைன்பேக்கர் (டிஃபென்ஸின், அதாவது தடுக்கும் பிரிவின், நடுக்களத்தவர்). இரண்டாம் சுற்றில் ஒரு டைட் எண்ட் (எதிரியை மறிக்கவும் பாஸ் பிடிக்கவும் செய்கிறவர்), ஒரு சேஃப்டி (டிஃபென்ஸின் பின்வரிசைக் காவலர்). இந்த இடங்களுக்கெல்லாம் மூன்றாம் சுற்றில்கூட ஆள் கிடைக்கும், முதல் சுற்றை இதற்கா செலவழிப்பது என்பதுதான் குற்றச்சாட்டு.

இப்போது மூன்று சீசன்கள் முடிந்துவிட்டன. அந்த நால்வரும் அணியின் தூண்களாகிவிட்டார்கள். ஆனாலும் 2025-ல் லயன்ஸ் 9-8 என்று (9 வெற்றி, 8 தோல்வி) முடித்து, பிளேஆஃப் என்ற நாக்-அவுட் சுற்றுக்கு வெளியே நின்றது. அதற்கான காரணத்தில் பெரும்பங்கு இதே 2023 டிராஃப்ட்டில்தான் இருக்கிறது. திட்டியவர்கள் கைகாட்டிய இடம் ஒன்று, ஓட்டை இருந்த இடம் இன்னொன்று.

முதலில் சரக்கு எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். 2021 தொடக்கத்தில் ஜெனரல் மேனேஜராக (அணிக்கு ஆள் சேர்க்கும் பொறுப்பாளராக) வந்த பிராட் ஹோம்ஸ், பாஸ் எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்டாஃபோர்டை லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸுக்குக் கொடுத்தார். பதிலுக்கு இன்னொரு குவார்ட்டர்பேக் ஜாரெட் காஃப், 2021-ன் ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வு, 2022, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகளின் முதல் சுற்றுத் தேர்வுகள் வந்தன. மோசமாக ஆடிய அணிக்கே முந்தைய தேர்வு என்பதால், 2022 சீசனில் ராம்ஸ் சரிந்ததும் அந்தக் கடைசித் தேர்வு 6-ஆம் இடத்தில் வந்து நின்றது. லயன்ஸின் சொந்தத் தேர்வு 18-ஆம் இடம். 2022-ல் 1-6 என்று தொடங்கி 9-8 என்று முடித்த அணிக்கு 6-ஆம் தேர்வு கையில் இருப்பது எப்போதும் கிடைக்கிற வாய்ப்பல்ல.

அந்த 6-ஐ ஹோம்ஸ் வைத்துக்கொள்ளவில்லை. 6, 81 இரண்டையும் அரிசோனாவிடம் கொடுத்து 12, 34, 168 மூன்றையும் வாங்கினார். டிராஃப்ட் தேர்வுகளை மாற்றிக்கொள்ளும்போது பலரும் பார்க்கிற பழைய ஜிம்மி ஜான்சன் அட்டவணைப்படி 6-க்கு 1600 புள்ளி, 81-க்கு 185, மொத்தம் 1785. வந்த பக்கம் 12-க்கு 1200, 34-க்கு 560, 168-க்கு ஏறத்தாழ 24, மொத்தம் 1784. தராசு முள் நடுவில் நிற்கிறது. இந்த வியாபாரத்தில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. 12-ல் வந்தவர் ஜமீர் கிப்ஸ், 34-ல் வந்தவர் சாம் லபோர்ட்டா. அரிசோனா 6-ல் எடுத்த பாரிஸ் ஜான்சனும் நல்ல டேக்கிள்தான் (எதிரியை மறிக்கும் முன்வரிசை ஐவரான ஆஃபென்சிவ் லைனின் ஓரத்தில் நிற்பவர்). ஆனால் ஒரே ஒரு ஆளுக்குப் பதில் ஆஃபென்ஸின் (பந்து வைத்து ஆடும் பிரிவின்) இரண்டு முக்கிய ஆட்களைப் பெற்றதால் என் கணக்கில் லாபம் டெட்ராய்ட்டுக்கே.

ஒரு டிராஃப்ட்டை எடை போட மூன்று கேள்விகள் போதும். கொடுத்த விலை நியாயமா என்பதற்கு அட்டவணை பதில் சொல்லும். இரண்டாம் ஆண்டில் அந்த ஆள் அணியின் ஸ்னாப்களில் (பந்து ஆட்டத்துக்கு வரும் ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்னாப்) எத்தனை பங்கு ஆடினார் என்பது அடுத்தது. முதலாண்டுக் கணக்கு பெரும்பாலும் ஏமாற்றும், மற்றவர்களின் காயமும் ஆள் பற்றாக்குறையும் அதை ஊதிப் பெருக்கிவிடும். மூன்றாவதுதான் அதிகம் பேர் மறக்கிற கேள்வி: அந்தத் தேர்வைச் செய்தபோது எதைச் செய்யாமல் விட்டார்கள்? எடுத்தவரின் பெயருக்குப் பக்கத்தில், அடுத்த பத்து இடங்களுக்குள் போனவர்களின் பெயரையும் எழுதி வைத்துப் பார்த்தால் படம் தெளிவாகும்.

கிப்ஸ், 12-ஆம் தேர்வு

அலபாமாவிலிருந்து வந்தவர். எடை 199 பவுண்டு, 40 யார்டு ஓட்டம் 4.36 விநாடி. அன்றைய விமர்சனம் எடுபட்டதற்குக் காரணம் உண்டு. மார்ச் மாதம்தான் லயன்ஸ் டேவிட் மாண்ட்கோமரியை மூன்று ஆண்டுக்கு 1.8 கோடி டாலர் வரை கொடுத்து வாங்கியிருந்தது. 2020-ல் 35-ஆம் தேர்வாக எடுத்த டி'ஆண்ட்ரே ஸ்விஃப்ட்டும் கையில் இருந்தார். கிப்ஸ் வந்த கையோடு ஸ்விஃப்ட்டை ஃபிலடெல்ஃபியாவுக்கு அனுப்பினார்கள். அவரையும் 249-ஆம் தேர்வையும் கொடுத்து 219-ஐயும் 2025-ன் ஒரு நான்காம் சுற்றுத் தேர்வையும் பெற்றார்கள். முதல் சுற்றில் எடுத்துப் போட்டு, இருந்தவரைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிட்டது வீண்செலவாகத்தான் தெரிந்தது.

கணக்கை நேர்மையாகப் போடுவோம். அதே டிராஃப்ட்டில் 84-ஆம் இடத்தில் மயாமி எடுத்த டெவான் அச்சேன் முதல் சீசனில் 103 ஓட்டங்களில் 800 யார்டு எடுத்தார். வேகமான ரன்னிங் பேக் மூன்றாம் சுற்றில் கிடைப்பார் என்ற வாதத்துக்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம். 12-ல் டெட்ராய்ட் விட்ட ஆட்களில், எதிரணி ரிசீவரை (பாஸ் பிடிப்பவரை) மறிக்கும் கார்னர்பேக் கிறிஸ்டியன் கோன்சாலஸ் 17-ல் நியூ இங்கிலாந்துக்குப் போய் லீக்கின் முன்னணிக் கார்னர்களில் ஒருவரானார். 20-ல் சியாட்டில் எடுத்த ஜாக்சன் ஸ்மித்-இஞ்சிக்பா 2025-ல் லீக்கிலேயே அதிக ரிசீவிங் யார்டு எடுத்தவர். அவரை டெட்ராய்ட் 12-லும் விட்டது, 18-லும் விட்டது.

அப்படியும் கிப்ஸ் தேர்வு சரி என்றே சொல்வேன். காரணம் அவர் அந்த அணியில் செய்யும் வேலை. முதல் சீசனில் 182 ஓட்டங்களில் 945 யார்டு, 10 டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோவது). மாண்ட்கோமரி 1,015 யார்டு, 13 டச்டவுன். இருவரும் ஒரே வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளவில்லை. மாண்ட்கோமரி நடுவில் முட்டி நான்கு யார்டு எடுப்பார். கிப்ஸ் விளிம்பில் ஒரு பிளவு தெரிந்தால் அறுபது யார்டு போய்விடுவார். எதிரணி டிஃபென்ஸ் பாஸைத் தடுக்க ஆட்களைப் பின்னால் நிறுத்தினால் மாண்ட்கோமரி தண்டிப்பார். முன்னால் குவித்தால் கிப்ஸ். 2024-ல் கிப்ஸ் 1,412 யார்டு, ஓட்டத்தில் 16 டச்டவுன், பாஸ் பிடித்ததையும் சேர்த்தால் 20. டிசம்பரில் மாண்ட்கோமரி முழங்கால் காயத்தில் உட்கார்ந்தபோது முழுச் சுமையும் கிப்ஸ் தோளுக்கு வந்தது. சீசனின் கடைசி ஆட்டத்தில், மினசோட்டாவை 31-9 என்று வென்று முதலிடம் பிடித்த இரவில், அவர் போட்டது 4 டச்டவுன். 199 பவுண்டு உடம்பு தாங்காது என்ற பேச்சு அன்றோடு ஓய்ந்தது.

நியூ யார்க் ஜயண்ட்ஸுக்கு எதிரான 2025 நவம்பர் 23 ஆட்டத்தை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். நான்காம் குவார்ட்டரில் 10 புள்ளி பின்தங்கி, 59 யார்டு ஃபீல்டு கோலால் (பந்தைக் கம்பங்களுக்கிடையே உதைத்து) சமன் செய்து, ஆட்டம் ஓவர்டைமுக்குப் போகிறது. ஓவர்டைமின் முதல் ஸ்னாப். பந்து கிப்ஸ் கைக்கு வருகிறது. லைன் திறந்த இடைவெளியில் நுழையும்வரை அவர் அவசரப்படுவதே இல்லை, அரை நொடி காத்திருக்கிறார். பிறகு ஒரே ஒரு வெட்டு. 69 யார்டு தாண்டி டச்டவுன். அன்று ஓட்டத்தில் மட்டும் 219 யார்டு, பாஸையும் சேர்த்து 264. இப்படி ஒரே ஸ்னாப்பில் ஆட்டத்தை முடிக்கிறவர் லீக்கில் ஐந்தாறு பேர்தான்.

குறையும் உண்டு. பாஸ் பாதுகாப்பில் நிற்கும்போது பெரிய உடம்புக்காரர் மோதினால் பின்வாங்குகிறார். 2024 ஜனவரியில் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த என்எஃப்சி (என்எஃப்எல்லின் இரு பிரிவுகளில் ஒன்று) இறுதியாட்டத்தின் மூன்றாம் குவார்ட்டரில் காஃபும் அவரும் பந்தைக் கைமாற்றும்போது தவறவிட்டது எளிதில் மறக்கிற காட்சியல்ல. 24-7 என்று முன்னிலையில் இடைவேளைக்குப் போன ஆட்டம் 34-31 என்று கைவிட்டுப் போனது. பழியை அவர் ஒருவர் தலையில் கட்டுவது அநியாயம். அந்த ஆட்டத்துக்குத் திரும்பவும் வருகிறேன்.

லபோர்ட்டா, பிரான்ச்

இந்த டிராஃப்ட்டில் கொடுத்த காசுக்கு மேல் சரக்கு கிடைத்த இடம் இரண்டாம் சுற்று.

2022 நவம்பரில் டி.ஜே. ஹாக்கன்சனை மினசோட்டாவுக்கு அனுப்பியதால் டைட் எண்ட் இடம் காலி. ஹாக்கன்சன் ஐயோவா பல்கலைக்கழகத்துக்காரர், 2019-ல் 8-ஆம் தேர்வு. அவர் இடத்துக்கு வந்த லபோர்ட்டாவும் ஐயோவாதான், ஆனால் 34-ஆம் தேர்வு. மினசோட்டா ஹாக்கன்சனுக்கு ஆண்டுக்கு 1.6 கோடி டாலருக்கு மேல் கொடுத்தது. லபோர்ட்டாவின் முதல் ஒப்பந்தம் நான்கு ஆண்டுக்கும் சேர்த்தே ஒரு கோடி டாலரைத் தொடவில்லை. வேலையோ அதே வேலை. முதல் சீசனில் 86 பாஸ் பிடித்தார். அதுவரை எந்த அறிமுக டைட் எண்டும் அத்தனை பிடித்ததில்லை. 889 யார்டு, 10 டச்டவுன். 2024-ல் ஆட்கள் அதிகமானதால் 60 பாஸ், 726 யார்டு, 7 டச்டவுன் என்று இறங்கினார். அதை வீழ்ச்சி என்று படித்தவர்கள் கணக்கைத்தான் பார்த்தார்கள், ஆட்டத்தைப் பார்க்கவில்லை. ஓடும் ஆட்டம் போலக் காட்டி பாஸ் எறிகிற பிளே-ஆக்‌ஷன்தான் காஃபின் உயிர்நாடி. அது பலிக்க வேண்டுமானால் டைட் எண்ட் உண்மையாகவே பிளாக் செய்கிறவர் (எதிரியை மறிப்பவர்) என்று எதிரணி நம்ப வேண்டும். லபோர்ட்டா அந்த நம்பிக்கையைக் கொடுத்தார். 2025 நவம்பரில் முதுகு அறுவை சிகிச்சைக்காக அவர் வெளியேறிய பிறகு ஆஃபென்ஸ் எவ்வளவு திணறியது என்று பார்த்தவர்களுக்கு அவர் மதிப்பு விளங்கும்.

பிரையன் பிரான்ச் முதல் சுற்றிலேயே போவார் என்று பலரும் எழுதியிருந்தார்கள். 40 யார்டு ஓட்டம் 4.58 விநாடி வந்ததும் சரிந்தார். ஹோம்ஸ் 48, 159 இரண்டையும் கிரீன் பேவுக்குக் கொடுத்து மூன்று இடம் ஏறி 45-ல் எடுத்தார். அட்டவணைப்படி கொடுத்தது சுமார் 448 புள்ளி, வாங்கியது 450. ஒரு ஐந்தாம் சுற்றுத் தேர்வு செலவில் தவறவிடாமல் பிடித்த ஆள்.

முதல் ஆட்டமே நடப்புச் சாம்பியன் கன்சாஸ் சிட்டியின் மைதானத்தில், 2023 செப்டம்பர் 7. மூன்றாம் குவார்ட்டரில் மஹோம்ஸ் எறிந்த பந்து கடாரியஸ் டோனியின் கையில் பட்டு நழுவுகிறது. பிரான்ச் அதைப் பிடித்து 50 யார்டு ஓடி டச்டவுன் போடுகிறார். ஆட்டம் 21-20. பந்து நழுவியது அதிர்ஷ்டம்; ஆனால் அது விழுகிற இடத்தில் அவர் இருந்தது அதிர்ஷ்டமல்ல. ஸ்லாட்டில் (லைனுக்கும் ஓர ரிசீவருக்கும் நடுவில்) நிற்கும் ரிசீவரை விட்டுவிட்டு குவார்ட்டர்பேக்கின் கண்ணைப் படிக்கிற அந்தப் பழக்கம்தான் 4.58 விநாடிக்காரரை 4.4 விநாடிக்காரரைவிட முன்னால் கொண்டு நிறுத்துகிறது. 2024-ல் நிக்கல் (ஸ்லாட் ரிசீவரை மறிக்கும்) இடத்திலிருந்து சேஃப்டிக்கு மாறி, கெர்பி ஜோசஃபோடு சேர்ந்து லீக்கின் நல்ல சேஃப்டி ஜோடிகளில் ஒன்றானார். அந்த ஆண்டு ஜோசஃப் பிடித்த 9 இன்டர்செப்ஷன் (எதிரணி பாஸைப் பறிப்பது) லீக்கிலேயே அதிகம். பிரான்ச் முன்னால் எல்லாவற்றையும் மூடியதால்தான் ஜோசஃபால் பின்னால் பந்துக்குக் காத்திருக்க முடிந்தது.

பிரான்ச்சின் கோபம் அணிக்கு விலை வைத்திருக்கிறது. 2024 நவம்பரில் கிரீன் பேயில் முதல் பாதியிலேயே வெளியேற்றப்பட்டார். 2025 அக்டோபரில் ஆட்டம் முடிந்த பிறகு கன்சாஸ் சிட்டி வீரரை அடித்ததற்காக ஓர் ஆட்டத் தடை. அதே ஆண்டு டிசம்பரில் டாலஸுக்கு எதிராகக் குதிகால் தசைநாண் அறுந்தது. குதிகால் தசைநாண் அறுந்த டிஃபென்சிவ் பேக் பழைய வேகத்துக்குத் திரும்ப ஓராண்டுக்கு மேல்கூட ஆகலாம். ஆட்டத்தை முன்கூட்டியே படித்து ஆடுகிறவர் என்பதால் மற்றவர்களைவிட அவருக்கு நம்பிக்கை அதிகம்.

ஜாக் கேம்ப்பெல், 18-ஆம் தேர்வு

ஆறடி ஐந்தங்குலம், 249 பவுண்டு, 2022-ன் சிறந்த கல்லூரி லைன்பேக்கருக்கான பட்கஸ் விருது. இவரையும் ஐயோவாவிலிருந்தே எடுத்தார்கள். நால்வரில் மெதுவாக வளர்ந்தவர் இவர்தான். 2023-ல் 95 டேக்கிள் (இங்கே இடத்தின் பெயரல்ல, பந்து வைத்திருப்பவரை வீழ்த்துவது). ஆனால் பிளாக்கர்கள் மேலே வரும்போது ஒரு நொடி தயங்கி, அந்த ஒரு நொடியில் வழியை விட்டுவிடுவார். 2024-ல் 17 ஆட்டமும் ஆடி 131 டேக்கிள் எடுத்தார். நவம்பரில் சக லைன்பேக்கர் அலெக்ஸ் அன்சலோன் முன்கை முறிந்து வெளியேறியபோது நடுக்களத்தை முழுதாகக் கையில் எடுத்துக்கொண்டார்.

18-ல் லைன்பேக்கரா என்ற கேள்விக்கு என் பதில், அந்த ஆண்டுப் பட்டியலைப் பாருங்கள் என்பதே. அவருக்குப் பிறகு அடுத்த லைன்பேக்கர் போனது மூன்றாம் சுற்றில், 67-ஆம் இடத்தில். 2022-ல் விட்டுக்கொடுத்த யார்டுகளில் 32 அணிகளிலும் கடைசியாக நின்ற டிஃபென்ஸுக்கு நடுவில் ஒரு நிலையான ஆள் வேண்டியிருந்தது. 19-ல் போன டிஃபென்சிவ் டேக்கிள் (டிஃபென்ஸ் முன்வரிசையின் நடுவில் நிற்பவர்) கலீஜா கேன்சியை எடுத்திருக்கலாம் என்பார்கள். எடுத்திருந்தாலும் தப்பில்லை. ஆனால் கேம்ப்பெல் தப்பான தேர்வு என்று இனி யாரும் சொல்ல முடியாது.

மூன்றாம் சுற்று: கை தவறிய இடம்

68-ல் குவார்ட்டர்பேக் ஹெண்டன் ஹூக்கர். 96-ல் டிஃபென்சிவ் டேக்கிள் பிராட்ரிக் மார்ட்டின்.

ஹூக்கருக்கு அப்போதே 25 வயது. 2022 நவம்பரில் முழங்கால் தசைநார் அறுந்திருந்தது. முதல் ஆண்டு முழுவதும் காயம் ஆறப் போய்விடும் என்று தெரிந்தே எடுத்தார்கள். அவர் தயாராகும் நேரத்தில், 2024 மே மாதம், காஃபுக்கு நான்காண்டுக்கு 21.2 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டாகிவிட்டது. ஆக அந்தத் தேர்வு உச்சபட்சம் ஒரு மாற்று குவார்ட்டர்பேக்கைத்தான் தந்திருக்க முடியும், அதையும் தரவில்லை. 2024 பிளேஆஃப் நெருங்கியபோது பள்ளிக்கூட அணிக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த டெடி பிரிட்ஜ்வாட்டரைக் கூப்பிட்டு வந்தார்கள். 2025 ஆகஸ்டில் ஹூக்கர் நீக்கப்பட்டார். டெட்ராய்ட்டுக்காக ஓர் ஆட்டத்தைக்கூட அவர் தொடங்கவில்லை.

மார்ட்டின் வெஸ்டர்ன் கென்டக்கியிலிருந்து வந்த 330 பவுண்டு ஆள். அவருக்காக 122, 139, 168 மூன்று தேர்வுகளையும் அரிசோனாவுக்குக் கொடுத்தார்கள். அட்டவணைப்படி 111 புள்ளி கொடுத்து 116 புள்ளி வாங்கியது, விலை தப்பில்லை. ஆனால் ஓர் ஆளுக்கு மூன்று சீட்டைப் போட்டார்கள், அந்த ஆள் இரண்டு சீசனில் விரல் விட்டு எண்ணுகிற ஆட்டங்களே ஆடினார். அட்டவணை விலையைத்தான் சொல்லும், சரக்கைச் சொல்லாது.

68-க்கும் 96-க்கும் இடையில் யார் போனார்கள் தெரியுமா? 77-ல் எட்ஜ் ரஷர் (ஓரத்திலிருந்து குவார்ட்டர்பேக்கைத் துரத்துகிறவர்) பைரன் யங், முதல் சீசனில் 8 சாக் (பாஸ் எறியும் முன் குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவது). 89-ல் டிஃபென்சிவ் டேக்கிள் கோபி டர்னர், முதல் சீசனில் 9 சாக். இரண்டு பேரையும் எடுத்தது ராம்ஸ். ஹோம்ஸ் பல ஆண்டு கல்லூரி ஸ்கவுட்டிங்குக்குத் தலைமை தாங்கிய அதே ராம்ஸ்.

இந்த இடறலில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. முதலிரண்டு சுற்றில் ஹோம்ஸ் எடுப்பது பெரிய கல்லூரியில் நிறைய ஆடி, செய்யும் வேலை தெளிவாகத் தெரிகிற ஆட்களை. மூன்றாம் சுற்றுக்குக் கீழே உடம்பளவையும் எதிர்காலத்தையும் நம்பி, அதுவும் மேலே ஏறிப் போய் எடுக்கிறார். 2024-ல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக டேக்கிள் ஜியோவானி மானுவை 126-ல் எடுக்க அடுத்த ஆண்டின் மூன்றாம் சுற்றுத் தேர்வைக் கொடுத்ததும் இதே பழக்கம்தான். 2021-ல் 112-ஆம் இடத்தில் ரிசீவர் ஏமன்-ரா செயின்ட் பிரவுன் கிடைத்தது அங்கேயே காத்திருந்ததால், தாவியதால் அல்ல.

காலி இடம்

2023 லயன்ஸின் ஆஃபென்சிவ் லைனை இடமிருந்து வலமாக (டேக்கிள், கார்டு, சென்டர், கார்டு, டேக்கிள்) எழுதுங்கள்: டெய்லர் டெக்கர், ஜோனா ஜாக்சன், ஃபிராங்க் ராக்னோ, கிரஹாம் கிளாஸ்கோ, பெனே சூவல். டெக்கர் 2016-ன் முதல் சுற்று. ராக்னோ 2018-ன் முதல் சுற்று. ஜாக்சன் 2020-ன் மூன்றாம் சுற்று. கிளாஸ்கோவும் 2016-ல் டெட்ராய்ட் எடுத்தவர், டென்வர் போய்த் திரும்பியவர். நால்வருமே ஹோம்ஸுக்கு முன்னால் இருந்த பாப் குவின் எடுத்த ஆட்கள். ஹோம்ஸ் எடுத்தது சூவல் ஒருவரை மட்டும், 2021-ல் 7-ஆம் தேர்வாக. கிப்ஸுக்குத் திறந்த வழி, காஃபுக்குக் கிடைத்த மூன்று நொடி, லபோர்ட்டாவின் பிளே-ஆக்‌ஷன் எல்லாம் இந்த ஐவர் போட்ட சாலை. மூதாதையர் வெட்டிய கிணற்றில் தண்ணீர் இறைத்தார்கள், தூர்வார மறந்துவிட்டார்கள்.

2021-ல் சூவலுக்குப் பிறகு லைனுக்கு யாரும் இல்லை. 2022-ல் எட்டுத் தேர்வில் லைனுக்கு ஒன்றுகூட இல்லை. 2023-ல் ஒன்றே ஒன்று: 152-ல் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியின் கோல்பி சார்ஸ்டால். கல்லூரியில் டேக்கிளாக ஆடியவர். இங்கே கார்டாக மாற்றப்பட்டார், நிலைக்கவில்லை. 2024-ல் 126-ல் மானு, 210-ல் கிறிஸ்டியன் மஹாகனி. ஆக நான்கு டிராஃப்ட்டில் முதல் மூன்று சுற்றுக்குள் லைனுக்குப் போனது ஒரே ஒரு தேர்வு.

இதில் என்னை மிகவும் உறுத்துவது 55-ஆம் தேர்வு. ஹாக்கன்சனுக்குப் பதிலாக மினசோட்டாவிடமிருந்து வந்தது அது. அந்த இடம் வந்தபோது சென்டர் ஜான் மைக்கேல் ஷ்மிட்ஸும் இருந்தார், கார்டு ஓ'சைரஸ் டாரன்ஸும் இருந்தார். ஷ்மிட்ஸ் 57-ல் ஜயண்ட்ஸுக்கும் டாரன்ஸ் 59-ல் பஃபலோவுக்கும் போனார்கள். டாரன்ஸ் முதல் சீசனிலேயே 17 ஆட்டமும் தொடங்கினார். டெட்ராய்ட் 55-ஐ கன்சாஸ் சிட்டியிடம் கொடுத்து 63-க்கு இறங்கியது, அதையும் டென்வரிடம் கொடுத்து 68-க்கு இறங்கியது. வந்தவர் ஹூக்கர். இறங்கியதில் கிடைத்த 122-உம் 139-உம் மார்ட்டினுக்காகப் போயின. ஓர் உள்லைன்மேன் (சென்டர் அல்லது கார்டு) இருக்க வேண்டிய இடத்தில் ஆடாத குவார்ட்டர்பேக்கும் ஆடாத டேக்கிளும் வந்து நின்றார்கள்.

இந்தத் தவறு உடனே வலிக்காது. அதுதான் இதன் கெட்ட குணம். 2023-ல் 12-5, முப்பது ஆண்டில் முதல் டிவிஷன் பட்டம், ராம்ஸை 24-23 என்று வென்று 1992 ஜனவரிக்குப் பிறகு முதல் பிளேஆஃப் வெற்றி. 2024-ல் 15-2, லீக்கிலேயே அதிகமாக 564 புள்ளி. ஜாக்சன் ராம்ஸுக்குப் போன இடத்தைக் கெவின் சைட்லரை ஓராண்டுக்கு வாங்கி நிரப்பினார்கள். 2025-ல் அவரும் போனார். ஜூன் தொடக்கத்தில் ராக்னோ ஓய்வு அறிவித்தார். கார்டான கிளாஸ்கோ சென்டருக்கு நகர்ந்தார். இருபுறமும் அனுபவமில்லாத கார்டுகள். நவம்பரில் ராக்னோ திரும்பி வர முயன்றும் உடற்தகுதித் தேர்வில் தொடைத் தசைக் காயம் தெரிந்து அது நடக்கவில்லை. கிறிஸ்துமஸ் நாளில் மினசோட்டாவில், வழக்கமான சென்டர் இல்லாமல், சென்டரின் கையிலிருந்து காஃபின் கைக்குப் பந்து வருவதே தடுமாறியது. ஆறு முறை பந்தை இழந்து 23-10 என்று தோற்றார்கள். எதிரணி அன்று பாஸில் நிகரமாக எடுத்தது 3 யார்டு. மூன்றே யார்டு எடுத்த அணியிடம் தோற்றுப் பிளேஆஃப் வாய்ப்பை இழந்தது லயன்ஸ்.

பயிற்சியாளர்கள் மாறியதும் ஒரு காரணம்தான். 2025 ஜனவரியில் ஆஃபென்ஸை வடிவமைத்த பென் ஜான்சன் சிகாகோவுக்கும் டிஃபென்ஸைப் பார்த்த ஆரன் கிளென் நியூ யார்க் ஜெட்ஸுக்கும் தலைமைப் பயிற்சியாளர்களாகப் போனார்கள். நவம்பரில் லயன்ஸின் தலைமைப் பயிற்சியாளர் டான் கேம்ப்பெலே, ஒவ்வொரு ஸ்னாப்பிலும் என்ன ஆடுவது என்று முடிவெடுக்கும் வேலையைக் கையில் எடுக்க வேண்டியிருந்தது. ஆனால் எந்தப் புதுத் திட்டமும் நடு மூவர் உறுதியாக நிற்கும்போதுதான் ஓடும்.

இன்னொரு காலி இடம் எட்ஜ் ரஷர் ஏடன் ஹட்சின்சனுக்கு எதிர்ப்புறம். 2022-ல் 46-ல் ஜாஷ் பாஸ்கல். அதற்குப் பிறகு 2025 வரை டிராஃப்ட்டில் எட்ஜுக்கு ஆள் எடுத்தது அதே ஆண்டின் 217-லும் 2025-ன் 196-லும்தான். 2024 அக்டோபரில் டாலஸில் ஹட்சின்சனின் கால் முறிந்தபோது ஐந்தே ஆட்டத்தில் அவரிடம் 7.5 சாக் இருந்தது. அவர் இல்லாத பாஸ் ரஷ்ஷை ஒட்டுப்போட்டு ஓட்டிய அணி பிளேஆஃப்பில் வாஷிங்டனுக்கு 45 புள்ளி கொடுத்தது.

ஹோம்ஸ் பிழையிலிருந்து கற்காதவரல்ல. சான் ஃபிரான்சிஸ்கோ ஆட்டத்தில் கார்னர்பேக் கிண்டல் வில்டரின் முகக்கவசத்தில் பட்டுத் தெறித்த பந்து எதிரணி ரிசீவர் பிராண்டன் ஐயுக் கையில் போய் 51 யார்டு ஆனது. அடுத்த டிராஃப்ட்டில் முதல் இரண்டு தேர்வும் கார்னர்: 24-ல் டெரியன் ஆர்னால்ட், 61-ல் என்னிஸ் ரேக்ஸ்ட்ரா. 2025-ல் 57-ல் ஜார்ஜியாவின் கார்டு டேட் ரேட்லெட்ஜ், 171-ல் மைல்ஸ் ஃபிரேசியர். ஓட்டை கண்ணுக்குத் தெரிந்த பிறகு அடைக்கிறார். லைனில் அந்த முறை உதவாது. உள்லைன்மேன் ஒருவர் என்எஃப்எல் பலத்துக்குப் பழக இரண்டு ஆஃப்சீசனாவது வேண்டும். ஆள் போவதற்கு இரண்டு ஆண்டு முன்பே மாற்றாள் அறைக்குள் இருக்க வேண்டும். அதே 2025-ல் 70-ல் ரிசீவர் ஐசக் டெஸ்லாவுக்காக 102-ஐயும் 2026-ன் இரண்டு மூன்றாம் சுற்றுத் தேர்வுகளையும் கொடுத்தது பழைய பழக்கம் திரும்பியதைக் காட்டுகிறது. லைனுக்கு ஆள் தேடும் ஆண்டில் மூன்றாம் சுற்று காலியாக இருப்பது பெரிய குறை.

அடுத்த கணக்கு

2023-ல் வந்த நால்வரின் முதல் ஒப்பந்தமும் 2026 சீசனோடு முடிகிறது. முதல் சுற்றுக்காரர்களான கிப்ஸுக்கும் கேம்ப்பெலுக்கும் மட்டும் ஐந்தாம் ஆண்டை அணியே நீட்டிக்கும் உரிமை உண்டு. அதன் சம்பளம் ஆடும் இடத்தைப் பொறுத்தது. ரன்னிங் பேக்குகளின் சந்தை தாழ்வு என்பதால் கிப்ஸுக்கு அது மலிவு. லைன்பேக்கர் பட்டியலிலோ எட்ஜ் ரஷர்களின் பெரிய சம்பளங்களும் கலந்திருப்பதால் நடுக்கள லைன்பேக்கருக்கு அந்த எண் வீங்கிவிடும். ஆகவே கேம்ப்பெலுக்கு நீட்டிப்பு உரிமையைவிட நீண்ட ஒப்பந்தமே லாபம். லபோர்ட்டாவுக்கும் பிரான்ச்சுக்கும் அந்த உரிமையே இல்லை. இருவரும் காயத்திலிருந்து திரும்புகிறார்கள். காஃப், சூவல், செயின்ட் பிரவுன், ஹட்சின்சன் ஆகியோருக்கு ஏற்கெனவே பெரிய தொகை ஒதுக்கியாகிவிட்டதால் நால்வரையும் முழு விலை கொடுத்து வைத்துக்கொள்ளச் சம்பள வரம்பு இடம் தராது.

வரிசை என்னைக் கேட்டால்: முதலில் கேம்ப்பெல், 2026 கோடைக்குள். கிப்ஸுக்கு ஐந்தாம் ஆண்டு உரிமையைப் பயன்படுத்திவிட்டு ஒப்பந்தப் பேச்சைத் தொடங்க வேண்டும். லபோர்ட்டாவின் முதுகு செப்டம்பரில் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு மூன்றாவது. பிரான்ச்சுக்கு 2026-ஐ முழுதாகப் பார்த்துவிட்டுத்தான். 2026 டிராஃப்ட்டிலோ, முதல் மூன்று சுற்றுக்குள் குறைந்தது ஒரு டேக்கிளும் ஒரு எட்ஜும் வந்தாக வேண்டும். டெக்கருக்கு வயதாகிவிட்டது, 2016-ல் வந்தவர்.